கேபின் கூரையில் ஓர் ஓட்டை

எண்பதுகளில் நான் வயர்லெஸ் மெக்கானிக்காக இருந்தேன். கோவில்பட்டி தீயணைப்பு நிலையத்தில் ஒரு வண்டிக்கு செட் பொருத்த அனுப்பினார்கள். செட்டை உள்ளே பொருத்த அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. ஏரியல் கம்பியை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு.

கேபின் கூரையில் ஓட்டை போட்டு நிறுத்தலாம் என்றேன். வண்டியின் டிரைவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அந்தச் சிவப்பு வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டாராம். டிரில்லிங் மெஷினைப் பார்த்ததும் குறுக்கே வந்து நின்றார்.

"என் தலைக்கு மேல ஓட்டையா? ஐப்பசி மழைக்கு நீங்க வந்து குடை பிடிப்பீயளா?"

"வாஷர் போட்டு இறுக்கிருவேன் அண்ணாச்சி."

"அதெல்லாம் வேண்டாம். பின்னால எவ்வளவு இடம் கெடக்கு, அங்கன வைங்க."

சரி, கட்டிப் பார்ப்போம் என்று பின்பக்க ஏணிக் கம்பியோடு ஏரியலைக் கயிற்றால் கட்டினேன். நிலையத்து முற்றத்தில் நின்று பேசினால் ஆபீஸ் செட்டில் கணீரென்று கேட்டது. டிரைவர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

அப்போதுதான் போன் வந்தது. கழுகுமலை போகும் வழியில் ஒரு கிராமத்தில் சோளத்தட்டையைப் போராகக் குவித்து வைத்த படப்பு எரிகிறதாம். நானும் ஏறிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தபோது ஒரு படப்பு பாதிக்கு மேல் எரிந்திருந்தது. காற்று அடுத்த படப்பைப் பார்த்து வீசியது. அதை ஒட்டி மாட்டுத் தொழுவம். எங்கள் ஆட்கள் பீய்ச்சி அடித்ததில் தொட்டித் தண்ணீர் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. ஊர்க்காரர்கள் குடங்களோடு ஓடிவந்தார்கள். இன்னொரு வண்டியை வரச்சொல்லி நான் மைக்கில் கத்தினேன். இரைச்சல் மட்டுமே பதிலாக வந்தது.

"என்ன, கேக்கலையா?" என்று ஓடிவந்தார் டிரைவர்.

"ஏரியல் பின்னால இருந்தா சத்தம் முன்பக்கம்தான் நல்லாப் போகும். கோவில்பட்டி நமக்குப் பின்னாலல்லா இருக்கு!"

அவர் ஏறி உட்கார்ந்து, வெடித்துக் கிடந்த கரிசலில் குலுங்கக் குலுங்க வண்டியைத் திருப்பினார். வண்டியின் மூக்கு கோவில்பட்டியைப் பார்த்ததும் செட்டில் ஆள் குரல் தெளிவாக வந்தது. இன்னொரு வண்டி வேண்டும் என்று ஊர்ப்பெயரோடு சொன்னேன்.

அடுத்த வண்டி வரும்வரை குடங்கள் தாக்குப்பிடித்தன. இரண்டாவது படப்பில் ஓரம் மட்டும் கருகியது. மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு, அந்தத் தொழுவத்து வீட்டு அம்மா எங்களுக்கு மோர் கொண்டுவந்தார். டிரைவரிடம் செம்பை நீட்டிக்கொண்டே கேட்டார்:

"ஏன் அண்ணாச்சி, கோவில்பட்டில உள்ளவியளோட பேசணும்னா, வண்டி ஒவ்வொரு தரமும் திரும்பி நிக்கணுமாக்கும்?"

எல்லோரும் சிரித்தோம். டிரைவர் மோரை அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தவர் செம்பைக் கீழே இறக்கவே இல்லை.

மறுநாள் காலை நான் போவதற்குள் கேபின் கூரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார்.

"தீக்குப் போகும்போதுதான பேச்சு. அப்ப ஊரு பின்னாலதான இருக்கும்? முன்னாலயே வைங்க," என்றார், ஏதோ அவரே கண்டுபிடித்ததுபோல. நான் ஓட்டை போட்டு முடிக்கும்வரை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வேலை முடிந்ததும் மைக்கை முதலில் அவர் கையில் கொடுத்தேன். பதினைந்து அடி தள்ளி ஆபீஸுக்குள் செட் முன்னால் இருந்தவரிடம் தொண்டை கிழியக் கேட்டார்: "நான் பேசுதது கேக்கா?"

பதில் செட்டில் வரவில்லை.

"சன்னல் வழியாவே கேக்குது, அண்ணாச்சி!"