பஞ்சர் ஒட்டாத மாப்பிள்ளை

மவுண்டன் பைக் டயர் விற்பவனுக்கு முதலில் வேண்டியது கூப்பிடு தூரத்தில் ஒரு மலை. நான் கடை போட்டிருப்பது ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில். இங்கே கண்ணுக்கு எட்டியவரை உயரமான பொருள் மேம்பாலம்தான். அதற்கடுத்து கன்டெய்னர் லாரி. கடை என்று ஒன்றை வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுப் படுக்கிற என் சக பாவப்பட்ட ஜீவன்களே, இதை உங்களுக்காகத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் நம்ப மாட்டார்கள்.

மலை எங்கே?

கடை போடுவதற்கு முன்னால் நான் டயர் கம்பெனியில் க்வாலிட்டி லைனில் இருந்தேன். பர்மனென்ட். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் பார்ப்பது பர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டா என்பதைத்தான். வடக்குப்பட்டு தேன்மொழியும் நானும் ஷிப்ட் பஸ்ஸுக்கு ஒரே நிறுத்தத்தில் நின்று பழகியவர்கள். அவளுக்கு செல்போன் கம்பெனியில் வேலை. அவள் அப்பா ஏகாம்பரம் மாமா ஒரு கோடவுன் கேட்டில் செக்யூரிட்டி. என் பர்மனென்ட்டைப் பார்த்து அவர் சம்மதம் சொன்னார். நான் வேலையை விட்டுவிட்டு சைக்கிள் டயர் கடை போட்டேன். சம்மதம் ஆட்டம் கண்டது.

மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். "இங்க மலை எங்க தம்பி கீது?" என்று கேட்டார். மலை முக்கியமில்லை மாமா, ஏரிக்கரைக் களிமண்ணுக்கு ஒரு டயர், பாலாற்று மணலுக்கு ஒரு டயர், குவாரி ஜல்லிக்கு ஒரு டயர் என்று விளக்கினேன். அவர் காதில் விழுந்தது 'டயர்' மட்டும்தான். கல்யாணம் பேசியிருந்த தை பிறக்கும்வரை ட்யூட்டி இல்லாத நேரமெல்லாம் இங்கே வந்து உட்காரப் போவதாகச் சொன்னார். தாராளமாக வாங்க மாமா என்று நானே ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான். உட்கார்ந்தவுடன் அவர் சொன்னார்: "பஞ்சர் ஒட்றவனுக்குப் பொண்ணு குட்த்தேன்னு ஊர்ல ஒருத்தன் பேசக் கூடாது. நீ ஒரே ஒரு பஞ்சர் ஒட்டி என் கண்ணால பாத்தேன், சம்பந்தம் கட்!"

மொட்டை

டயரில் மேடு மேடாக நிற்கும் ரப்பர் கட்டிகளை நாங்கள் பட்டன் என்போம். முத்துப்பாண்டி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறவர். சர்வீஸ் ரோட்டில் மட்டும்தான் ஓட்டுவேன், சும்மா அம்பு மாதிரி பாயணும் என்றார். தார் ரோட்டுக்குப் பட்டன் எதற்கு? சத்தம் போடும், காலை இழுக்கும். நான் வழுவழுவென்று ஒரு டயரை எடுத்து வைத்து, என் போதாத காலம், "இதுதான் மொட்டை டயர்" என்று சொல்லிவிட்டேன்.

நம் ஊரில் மொட்டை டயர் என்றால் தேய்ந்து செத்த டயர். "லாரிக்காரன் கழட்டிப் போட்டதா தம்பி?" என்றார் ஸ்டூலிலிருந்து மாமா. எனக்குச் சுருக்கென்று வந்தது. புது டயரில் ஓரமெல்லாம் மெல்லிய ரப்பர் இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைக் காட்டி, "பாருங்க, முடி இருக்கு, புதுசு!" என்றேன். முத்துப்பாண்டி டயரைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கடையிலேயே மிகப் பெரிய பட்டன் வைத்த டயரை வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் அவர் சர்வீஸ் ரோட்டில் வந்தால் மாவு மில் ஓடுவது போல் சத்தம் கேட்கும். போகும்போது அவர் சொன்னது: "மொட்டைங்கிய, முடி இருக்குங்கிய. மொட்டை போடணும்னா நான் திருச்செந்தூர்லயே போட்டுக்கிடுதேன் அண்ணாச்சி, டயருக்கு எதுக்கு?"

டயருக்குப் பால்

பஞ்சர் ஒட்டாமல் டயர் கடை நடத்துவது, தண்ணீர் தொடாமல் நீச்சல் கற்றுக்கொடுப்பது போலத்தான். மாமா ஸ்டூலில் இருக்கும்போது பஞ்சரோடு எவராவது வந்தால் பசை டப்பாவை மறைத்துவிடுவேன். பாதிப் பேரை எதிர்ப்புறம் உள்ள பாயின் பஞ்சர் கடைக்கு அனுப்பினேன். பாய் என்னைப் பார்க்கும் பார்வையில் நன்றியைவிடப் பரிதாபம் அதிகம். மீதிப் பேருக்குப் புது டியூப் மாட்டி அனுப்பினேன். ஓட்டை இருக்கும் டியூப்பைப் பெரிய அதிகாரி மாதிரி தூக்கிக் குப்பையில் போடுவேன்.

இதற்கு நிரந்தர வழி என்று ஒன்று கண்டுபிடித்தேன். டியூப் இல்லாத டயருக்குள் ஊற்ற ஒரு வெள்ளைத் திரவம் வருகிறது. முள் குத்தினால் அதுவே போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஒட்டவே வேண்டாம். பென்னலூரிலிருந்து வந்த ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் ஒருவர், முள்காட்டு வழியாக ஓட்டுகிறவர், சரி என்றார். நான் பாட்டிலைக் குலுக்கி டயருக்குள் ஊற்றினேன். அதற்குத் தொழிலில் பெயரே 'பால்'. "நல்லா பால் ஊத்திட்டேன் சார், இனிமே கவலையே இல்ல" என்று சொல்லும்போதுதான் அவர் முகம் மாறியதைக் கவனித்தேன். ஸ்டூல் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. மாமா எழுந்து நின்று, தலையிலிருந்த செக்யூரிட்டித் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "செத்தவங்களுக்குத்தான் ரெண்டாம் நாள் பால் ஊத்துவாங்க. ஓடற வண்டிக்கு ஊத்தறியே, நீ நல்லா இருப்பியா?"

எருமைக்கு என்ன எழுதுவது?

சந்தானம் சார் ஒரு கம்பெனியில் க்வாலிட்டி சூப்பர்வைசர். குவாரிப் பாதையில்தான் ஓட்டுவேன் என்று என்னிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி, ஜல்லிக்கு ஏற்ற நெருக்கமான சின்னப் பட்டன் டயர் வாங்கிப் போனார். அடுத்த ஞாயிறு காலையில் கடைக்கு ஒரு களிமண் பொம்மை வந்தது. கண் மட்டும் தெரிந்தது. அது பேசியபோதுதான் சந்தானம் சார் என்று தெரிந்தது. ஏரிக்கரையில் வழுக்கி ஏரிக்குள்ளேயே போயிருக்கிறார்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஒரு பேனா கேட்டார். லைனில் ரிஜெக்ஷன் வந்தால் 'ஏன், ஏன்' என்று மூலகாரணம் வரைக்கும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன திருத்தம் என்று எழுதிக்கொண்டே போவார்கள் அல்லவா, அதை என் கடை அட்டைப்பெட்டி மேல் ஆரம்பித்தார். ஏன் விழுந்தேன்? டயர் வழுக்கியது. ஏன் வழுக்கியது? பட்டனுக்கு நடுவில் களிமண் அடைத்தது. ஏன் அடைத்தது? பட்டன் நெருக்கம். ஏன் நெருக்கமான பட்டன் கொடுத்தீர்கள்? "நீங்க குவாரின்னு சொன்னீங்க சார். ஏரிக்கரைன்னு சொல்லியிருந்தா பட்டன் தள்ளித் தள்ளி இருக்கிறதைக் குடுத்திருப்பேன், மண்ணு தானா உதிரும்" என்றேன். சரி, நான் ஏன் ஏரிக்கரைக்குப் போனேன் என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார். குவாரி வழியில் எருமை மறித்துக்கொண்டது, அதனால் திரும்பினேன் என்று அவரே பதிலும் சொன்னார்.

அங்கே பேனா நின்றுவிட்டது. எருமை ஏன் மறித்தது என்று மாமா எடுத்துக் கொடுத்தார். ரொம்ப நேரம் யோசித்தார்கள், இரண்டு பேரும் மனதார. காய்ந்த களிமண் தரையில் உதிர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் சந்தானம் சார் அழாத குறையாக என்னைக் கேட்டார்: "மத்ததெல்லாம் க்ளோஸ் பண்ணிட்டேன். எருமைக்குக் கரெக்டிவ் ஆக்‌ஷன் என்னன்னு எழுதறது?"

ஜோடி

மாப்பிள்ளைக்குச் சீராக மவுண்டன் பைக் கொடுப்பது இப்போது இங்கே புது வழக்கம். வாலாஜாபாத்திலிருந்து வந்து ஒன்று வாங்கிப்போன பெண் வீட்டு அத்தையம்மா இரண்டாம் நாளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடவே கல்யாணப் பெண். "முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு போட்டு ஏமாத்திட்டியே. ஜோடி தப்பின செருப்பு மாரி கீதுன்னு மாப்ள வூட்ல சிரிக்கிறாங்க" என்றார். முன் டயர் அகலமாக, பெரிய பட்டனோடு இருந்தால் வளைவில் மண்ணைப் பிடிக்கும். பின் டயர் கொஞ்சம் ஒல்லியாக இருந்தால் சுலபமாக உருளும். வேண்டுமென்றே அப்படித்தான் போடுவது. இதை நான் மூன்று விதமாகச் சொன்னேன். நல்ல காரியத்துக்குக் கொடுக்கிற பொருளில் ஜோடி சேராதது அபசகுனம் என்று அவரும் மூன்று விதமாகச் சொன்னார்.

அப்போது மாமா வாயைத் திறந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் சொன்னதோ வேறு. "முன்னாடி போறது வழி புடிக்கும், பின்னாடி வர்றது தள்ளும்மா. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே மாரி இருந்தா குடும்பம் எப்டி ஓடும்?" என்றார். அத்தையம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. தனக்கே தெரியாமல் மனுஷர் என் கடைக்கு ஆளாகிக்கொண்டிருந்தார். அதுவரை பேசாமல் நின்ற கல்யாணப் பெண் மாமாவிடம் வந்து கேட்டாள்: "அப்ப முன் டயரு யாரு பெரிப்பா, நானா அவரா?"

வேலிகாத்தான்

மார்கழிக் கடைசியில், சர்க்கரைக்கு நல்லது என்று தேன்மொழி தன் அப்பாவுக்கு என் கடையிலேயே ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள். ஏரிக்கரை வழியாகக் கோடவுனுக்குப் போகிறவர் என்பதால் நல்ல பட்டன் டயர் போட்டேன். பால் ஊற்ற விடவில்லை, டியூப்தான் வேண்டுமென்றார். எங்கள் ஏரிக்கரையில் இருப்பது வேலிகாத்தான் முள். அதற்கு எந்த டயரும் ஒன்றுதான்.

ஒரு மதியம், ட்யூட்டிக்குப் போகிற வழியில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பாய் கடை அன்றைக்கு லீவு. அந்த அளவு டியூப் என்னிடம் இல்லை, இருந்ததையெல்லாம் பஞ்சருக்குப் பதிலாக மாட்டியே தீர்த்திருந்தேன். "சக்கரத்துல ஏதோ கோளாறு தம்பி" என்றார். "பஞ்சர் மாமா" என்றேன். "அந்த வார்த்தையச் சொல்லாத" என்றார். ஒட்டினால் கல்யாணம் இல்லை. ஒட்டாவிட்டால் அவர் வேலைக்கு லேட். அவர் நான் ஒட்டுவேனா என்று பார்த்தார், நான் அவர் ஒட்டச் சொல்வாரா என்று பார்த்தேன். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, நாங்கள் அதன் இரண்டு முனையிலும் நின்றோம். சொல்லிவிடுகிறேன், எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அவர் மகளை இழந்துவிடுவேன் என்று தோன்றி, கை எதையும் தொடாமல் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கிய தேன்மொழி எங்கள் இருவரையும் பார்த்தாள். சக்கரத்தைப் பார்த்தாள். பையை ஸ்டூலில் வைத்துவிட்டு டயரைக் கழற்றி, டியூப்பை உருவி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். கம்பெனியில் நாள் முழுக்க அவள் செய்வதே செல்போன் கண்ணாடிக்குப் பசை வைப்பதுதான். துண்டு ரப்பரை வைத்துக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "பஞ்சர் ஒட்றவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னியே, இப்ப உன் பொண்ணே பஞ்சர் ஒட்றவ. இவர உட்டா வேற எவன்பா என்னைக் கட்டுவான்?"

மாமா டியூப்பை வாங்கி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. அவர் முகம் கோபமா பெருமையா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. டியூப்பை என் மார்பில் வைத்து அழுத்தினார். அத்தனை மாதமும் என்னைத் தம்பி என்று மட்டுமே கூப்பிட்ட மனுஷர் சொன்னார்: "இன்னா மாப்ள பாத்துகினே நிக்கிற? டூட்டிக்கு நேரமாச்சு, காத்து அடி!"

இப்போது வடக்குப்பட்டில் யாராவது விசாரித்தால் மாமனார் "மாப்ள ரப்பர் பிசினஸ்" என்கிறார், அதற்கு மேல் கேட்கிறவருக்கு டீ வாங்கிக் கொடுத்து வாயை அடைத்துவிடுகிறார், கடையில் பஞ்சரெல்லாம் லீவு நாளில் என் வீட்டம்மாதான் ஒட்டுகிறாள் என்பதால் நான் இன்றுவரை அவர் கண்ணெதிரே ஒரு பஞ்சரும் ஒட்டாத உத்தமன்.