முகத்துக்கு நேரே ஒரு மோசமில்லை

என் அப்பாவின் அக்கா எனிட் குவாம்பி, எங்கள் பள்ளத்தாக்கின் கம்பளி ஆலையில் முப்பத்தேழு வருடம் ஒரே ஜன்னலடியில் உட்கார்ந்து வேலை செய்தார். வடக்குப் பார்த்த மூன்றாவது ஜன்னல். தறியிலிருந்து வரும் துணியில் எங்காவது முடிச்சு விழுந்திருக்கும், எங்காவது இழை விட்டுப்போயிருக்கும். அதை விரலால் தடவிக் கண்டுபிடித்து, முடிச்சைச் சாமணத்தால் இழுத்து, விட்டுப்போன இழையை ஊசியால் மேலும் கீழுமாகக் கோத்துச் சேர்க்க வேண்டும். அந்த அறையில் பதினாலு பெண்கள் இதைச் செய்தார்கள். எனிட் அத்தைபோல யாரும் செய்யவில்லை.

ஒருமுறை கருநீலத் துணி ஒன்று இயந்திரத்தில் மாட்டி உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்துவிட்டது. அத்தை இரண்டு நாள் அதோடு உட்கார்ந்தார். மேற்பார்வையாளர் வில்ஃப் ஹேக் அந்தத் துணியை உருளையில் ஏற்றி, வெளிச்சத்துக்கு எதிரே மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்.

"எங்க கிழிஞ்சிருந்துச்சு?"

"இந்தப் பக்கம்தான், எங்கயோ."

"எங்கயோன்னா?"

"எனக்கே தெரியல வில்ஃப்."

வில்ஃப் மூக்கை உறிஞ்சிவிட்டுப் போய்விட்டார். அவர் பாராட்டு அவ்வளவுதான்.

"அடியே எனிட், மூக்க உறிஞ்சிட்டாருடி! இனிமே உன்னக் கையில பிடிக்க முடியாது" என்று பக்கத்து ஜன்னல் மார்ஜரி கத்தினாள். அன்று முழுக்க அத்தையின் கன்னம் சிவந்தே இருந்ததாம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒன்று பிடித்துவிட்டால் அதை நல்லது என்று சொல்ல மாட்டார்கள். மோசமில்லை என்பார்கள். அதுவும் வருடத்துக்கு ஒருமுறைதான். ஒருவரை வாய்நிறையப் புகழ்ந்தால் அவரிடம் வேறொன்றும் இல்லை என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் நான் முதல் மதிப்பெண் வாங்கிய அன்று என் அப்பா, "அவ்வளவு கேவலமா இல்ல" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைத் திருப்பினார். நான் படுக்கையறைக்குப் போய்க் குதித்தேன்.

அத்தையின் கணவர் ஃப்ராங்க் கல் குவாரியில் வேலை செய்தவர். பேருந்து நிறுத்தத்தில் மழையில் நின்றுகொண்டு, "நீ ஒண்ணும் மோசமில்ல, எனிட்" என்று சொன்னார். கல்யாணம் அப்படித்தான் முடிவானது. இருபத்திரண்டு வருடம் கழித்து நுரையீரலில் கல் தூசி அடைத்துப் படுத்தார். தினமும் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களிடம், "குறை சொல்ல முடியாது" என்பார். ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும், "இன்னிக்கி அவ்வளவு நல்லாயில்ல" என்றார். பார்க்க வந்திருந்த குவாரி ஆட்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். அத்தை மாடிக்குப் போய் அவருடைய கறுப்புக் கோட்டை எடுத்துத் தூசி தட்டினார். வெள்ளிக்கிழமை அந்தக் கோட்டோடு அவரைப் பெட்டியில் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு அத்தைக்கு அந்த ஜன்னல்தான் எல்லாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. மேஜைவிரிப்பைத் தடவிக்கொண்டே இருப்பார், முடிச்சு தேடுவதுபோல.

1991 ஜனவரியில் ஆலையை ஹாலந்துக்காரர்கள் வாங்கினார்கள். டெக்கர் என்று ஒரு மேலாளர் வந்தார். கெட்டவர் இல்லை. எல்லோரிடமும் கைகுலுக்கினார். பதினாலு பேரில் ஆறு பேரைத்தான் வைத்துக்கொள்ள முடியும், அந்த ஆறு பேர் மிகச் சிறந்தவர்களாக இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். யாருக்கும் பயமில்லை. குறைந்தபட்சம் எனிட்டுக்கு இல்லை.

டெக்கருக்கு அவர்களைத் தெரியாது. அதனால் அலுவலகத்தில் இருந்த பத்து வருடத்து மதிப்பீட்டுத் தாள்களை எடுத்துப் படித்தார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு வருடமும் வில்ஃப் ஒரு வரி எழுதியிருந்தார். எனிட் குவாம்பிக்குப் பத்து வருடமும் ஒரே வரி: மோசமில்லை. ஷெரில் லம் என்று ஒரு பெண் இருந்தாள். அவள் ஊசி வைத்த இடம் பத்தடி தள்ளியிருந்தே தெரியும். அவளுக்கு வில்ஃப் எழுதியது: அருமையான பெண், எப்போதும் சிரித்த முகம், எல்லோருக்கும் பிடிக்கும். வேறு என்ன எழுதுவார், பாவம்.

டெக்கர் நியாயமாக நடக்க நினைத்தார். யாரைப் பற்றியும் முதுகுக்குப் பின்னால் பேசக்கூடாது என்பது அவர் கொள்கை. எனிட் அத்தையையும் வில்ஃபையும் ஒன்றாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அங்கே நடந்ததை அத்தையே எங்களிடம் வார்த்தை பிசகாமல் சொன்னார்.

"மிஸ்டர் ஹேக், உங்க கருத்து எனக்கு முக்கியம். மிஸஸ் குவாம்பி நல்லா வேலை செய்றாங்களா?"

வில்ஃப் தன் பூட்ஸைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. தொண்டையைச் செருமினார்.

"மோசமில்ல" என்றார்.

"அத நான் படிச்சேன். அதுக்கு மேல ஏதாவது சொல்ல முடியுமா?"

அதற்கு மேல் என்ன இருக்கிறது? வில்ஃபுக்குப் புரியவில்லை. ரொம்ப நேரம் யோசித்து, "குறை சொல்ல முடியாது" என்றார்.

"குறை இருக்கா?"

"சொல்ல முடியாதுன்னேனே, சார்."

டெக்கர் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு அத்தையிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்க வேலையப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க? தயங்காம சொல்லுங்க."

கருநீலத் துணியைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அத்தை கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே, "நான் ஒண்ணுக்கும் உதவாதவ இல்ல, சார்" என்றார். அப்படிச் சொன்னதே தற்பெருமையாகிவிட்டதோ என்று வெட்கமாக இருந்ததாம்.

அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு முட்டை கஸ்டர்ட் கேக் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். விசேஷ நாளில்கூட அவர் கடையில் கேக் வாங்கமாட்டார்.

"சொல்லிட்டாரு" என்றார் என் அப்பாவிடம். "முகத்துக்கு நேரா. அந்த மேலாளர் முன்னாடியே."

"யாரு, வில்ஃபா? மோசமில்லன்னா சொன்னாரு?"

"ஆமாடா."

அப்பா எழுந்து தேநீர்க் கெட்டிலை வைத்தார்.  நான் கேக்கை வெட்டினேன். எல்லோரும் சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. எனிட் குவாம்பி வேண்டாம். ஷெரில் லம் வேண்டும்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வேலையிலிருந்து நிற்பதற்கு இன்னும் பன்னிரண்டு வாரம் இருந்தது. அந்த நாட்களில் ஷெரிலுக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், மூன்றாவது ஜன்னலில் இனி அவள்தான் உட்காருவாள் என்று டெக்கர் பணிவாகக் கேட்டுக்கொண்டார். அத்தை மறுக்கவில்லை. ஷெரில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் இழையை விட்டாள், இழுத்தாள், துணியைச் சுருக்கினாள். "பிரிச்சிட்டு மறுபடி போடு" என்பதைத் தவிர அத்தை ஒன்றும் பேசவில்லை.

கடைசி நாள், பதினாலு பேரும் அறையில் இருக்கும்போது, ஷெரில் ஒரு சாம்பல் நிறத் துணியை நீட்டினாள். நடுவில் தழும்புபோல ஒரு கோடு.

"இது எப்படி இருக்கு எனிட்? இப்ப பரவாயில்லயா?"

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். எல்லோருக்கும் தெரியும்படி.

"ரொம்ப அழகா இருக்கு கண்ணு" என்றார். "பிரமாதம். இதவிட யாராலயும் நல்லா செய்ய முடியாது."

அறையில் ஊசிகள் நின்றுவிட்டன. மார்ஜரி குனிந்துகொண்டாள். ஷெரில் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவள். அவள் முகம் வெளுத்தது. எழுந்து கழிப்பறைக்குப் போனவள் மணி அடிக்கும்வரை வெளியே வரவில்லை. அத்தை தன் சாமணத்தைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அத்தை யாரிடமும் அப்படி நடந்துகொண்டதில்லை. அன்று அவருக்கு அதில் சந்தோஷம்கூட இல்லை.

மறுவாரம் வில்ஃப் வந்தார். அத்தை வீட்டு வாசலில், தொப்பியை எடுக்காமல், மழையில் நின்றார். அன்று அங்கே இருந்த நான்தான் கதவைத் திறந்தேன். எனக்குப் பதினேழு வயது, அடக்க முடியவில்லை.

"ஏன் மிஸ்டர் ஹேக், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எங்க அத்தைதான் இங்க எல்லாரையும்விட நல்லா செய்றாங்கன்னு?"

அவர் என்னை உண்மையிலேயே புரியாமல் பார்த்தார்.

"சொன்னேனே" என்றார். "அவ முன்னாடியே சொன்னேன். என் வாழ்க்கையில யாரப் பத்தியும் அப்படிச் சொன்னதில்ல. என் சம்சாரத்தப் பத்திக்கூட."

பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "சொன்னாரு. நான்தான் கேட்டேனே. அவர விடு."

அத்தை கதவருகே வந்தார்.  மழை வில்ஃபின் தோளில் விழுந்துகொண்டிருந்தது. யாரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை.

"அப்புறம்... எப்படி இருக்க எனிட்?" என்று கேட்டார்.

குறை சொல்ல முடியாது என்பார் என்று நினைத்தேன். அத்தையின் விரல்கள் கதவு நிலையைத் தடவிக்கொண்டிருந்தன.

"அவ்வளவு நல்லாயில்ல, வில்ஃப்."

வில்ஃப் மெதுவாகக் கையைத் தூக்கித் தொப்பியைக் கழற்றினார். அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மழையில் தலை நனைய, அப்படியே நின்றார். அத்தை கதவைச் சாத்தினார்.