ரோந்துக் கார் போகட்டும்

பொலிஸ் சார்ஜன்ட் எங்கள் வீட்டு வாசலில் குனிந்து நின்று சப்பாத்தின் நாடாவை அவிழ்த்த அந்த நிமிடம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சீருடை போட்ட ஒருவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்ததை நான் அதற்கு முன் கண்டதேயில்லை. ஊரில் எங்கள் வீடுகளுக்குள் வந்த சீருடைகள் சப்பாத்தோடுதான் வந்தன. இவர் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையோடு குசினிக்குள் வந்து நின்றார். பெருவிரல் பக்கம் ஒரு ஓட்டை. நாங்கள் ஆறு பேரும் மேசையை விட்டு எழும்பிச் சுவரோடு ஒட்டிக்கொண்டோம்.

பிள்ளைகளே, நீங்கள் பிறக்க முந்திய கதை இது. நாங்கள் இப்போது இருக்கிற பியர்பொன்ட்ஸ் வீடெல்லாம் அதற்குப் பேந்து வந்தது. அப்போது நான் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கும் அங்கால், பாலம் கடந்து போகிற ஒரு தக்காளிப் பண்ணையில் வேலை செய்தேன். குளிர்காலத்திலும் கண்ணாடிக் கூடாரத்துக்குள் வேலை இருக்கும். பண்ணைக்காரர் தந்த பழைய வீட்டில் தமிழர் ஏழு பேர் இருந்தோம். அந்த வட்டாரம் முழுவதற்கும் இரண்டு ரோந்துக் கார்கள்தான். அதில் ஒன்று சார்ஜன்ட்டுடையது. பள்ளத்தில் இறங்கிய கார்களைக் கயிறு கட்டி இழுப்பார். ரோட்டுக்கு வந்த மாட்டைத் திருப்பிக் கொண்டுபோய்ப் பட்டியில் விடுவார். தனியே இருந்த கிழவி ஒருத்தியின் வீட்டைக் காலையில் கடக்கும்போது, யன்னல் திரை விலகியிருக்கிறதா என்று காரை மெதுவாக்கிப் பார்த்துப் போவார். எங்களில் ஒருவனுக்குக் கை வெட்டுப்பட்டபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். அப்படியிருந்தும் அவருடைய கார் தெரிந்தால் எங்கள் வீட்டில் டிவியை நிற்பாட்டிவிடுவோம்.

அதற்குக் காரணம் அண்ணை. எங்களில் மூத்தவர் அவர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். அவருடைய அகதிக் கேஸ் நிராகரிக்கப்பட்டுவிட்டது. எந்த நேரமும் பிடித்து அனுப்பலாம் என்ற நிலை. சார்ஜன்ட் வந்தால் அண்ணையைப் பின்னறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவோம். இந்த வீட்டில் ஆறு பேர்தான் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தோம். சார்ஜன்ட் போனதும் அண்ணை வெளியே வந்து எங்களைப் பகிடி பண்ணுவார். "அந்த மனிசனுக்குக் காலுறை தைச்சுக் குடுக்கக்கூட ஆளில்லை. அவனைக் கண்டு நடுங்குறியள். ஊசி நூலைக் கொண்டு வாங்கோடா, நான் தைச்சு விடுறன்" என்பார். நாங்கள் சிரிப்போம். ஆனாலும் அடுத்த முறை கார் தெரிந்தால் அவரும் பின்னறைக்குள் போவார்.

அண்ணைக்குச் சீனி வருத்தம் இருந்தது. காலையில் இன்சுலின் ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றித் தடுமாறுவார். பனி கொட்டிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊசியைப் போட்டவர், சாப்பிடாமல் வெளிக்கிட்டுவிட்டார். ஞாயிறு தவறாமல், யாழ்ப்பாணத்தில் மனைவி வந்து காத்து நிற்கும் ஒரு கடைக்கு ரெலிபோன் எடுப்பார். எங்கள் வீட்டில் ரெலிபோன் இல்லை. சந்தியில் இருந்த டெப்பனர் என்கிற சில்லறைக் கடை வாசலில் ஒன்று இருந்தது. சோள வயலுக்குள்ளால் ஒரு குறுக்குப் பாதை, அதால்தான் போவார். "சாப்பிட்டிட்டுப் போங்கோ அண்ணை" என்று நான் சொன்னேன். "அவ கடையிலை காத்துக்கொண்டு நிப்பா, வந்து சாப்பிடுறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். சார்ஜன்ட் கதவைத் தட்டினார். அன்றும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். யாரோ ஒருவர் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டபடி குடிவெறிக்காரன் மாதிரித் தள்ளாடிப் போவதை அந்தக் கிழவி யன்னலால் தூரத்தில் கண்டு ரெலிபோன் எடுத்திருக்கிறாள். தான் வந்து பார்த்தபோது ஆளைக் காணவில்லை என்றார். எங்களுக்கு விளங்க வேண்டுமென்று ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். அவர் இந்த வீட்டு ஆளா? வருத்தக்காரரா? எந்தப் பக்கம் போகக்கூடியவர்? அண்ணையின் ஊசிப் பெட்டி எனக்குப் பின்னால், பிரிட்ஜுக்கு மேல் இருந்தது. நான் அதை மறைத்து நின்றுகொண்டு, "தெரியாது. நாங்கள் ஆறு பேர்தான்" என்றேன். ஒருவரைப் பற்றிச் சீருடை கேட்டால் தெரியாது என்றுதான் எங்களுக்கு வாய் வரும். அப்படிச் சொல்லித்தான் ஊரில் சிலரைக் காப்பாற்றியிருக்கிறோம். அன்றைக்கும் ஒருவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு கார்களும் கிழவி வீட்டுக்கு முன்னால் போகிற ஆற்றங்கரை ரோட்டால் போய்ப் போய் வந்தன. சார்ஜன்ட் இறங்கி, முழங்கால் அளவு பனிக்குள் கரையோரமாக நடந்தார். அண்ணை போன வயல் பக்கத்தை விட்டு அவர் பிழையான பக்கம் தேடுகிறார் என்று எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. ஒருவன் "நாங்கள் போய்ப் பாப்பமே?" என்று கேட்டான். "இப்ப வெளிக்கிட்டால் பின்னாலை வந்திடுவாங்கள். ரோந்துக் கார் போகட்டும்" என்று சொன்னவன் நான்தான். கார் போகவில்லை. மத்தியானம் சார்ஜன்ட்டே தேடிக்கொண்டு வயல் பக்கம் வந்து, குறுக்குப் பாதைக்குக் கொஞ்சம் தள்ளி அண்ணையைக் கண்டெடுத்தார். உயிர் போயிருந்தது.

நகரத்தில் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் இருந்த எங்கள் தமிழ்ச் சனம் காசு சேர்த்துச் செத்த வீட்டை நடத்தியது. சார்ஜன்ட் வந்தார், தொப்பியைக் கையில் பிடித்தபடி கடைசி வரிசையில் நின்றார். முடிந்த பிறகு என்னிடம் வந்து, "அவரைப் பிடிக்க வந்தேன் என்று நினைத்தாயா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "அந்த ரோட்டில் நான் பிடித்ததெல்லாம் மாடுகளைத்தான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் அடுத்த மாதமே அங்கிருந்து வெளிக்கிட்டுவிட்டேன்.

அண்ணையின் மனைவிக்கு ரெலிபோனில் அறிவித்ததும் நான்தான். அன்று கடை பூட்டும்வரை காத்து நின்றாவாம். அழுது முடித்து ஒன்றுதான் கேட்டா. "தம்பி, அவரை ஒருதரும் தேடேல்லையே?" என்னால் அதற்கு உண்மை சொல்ல முடியவில்லை. "இல்லை அக்கா, எல்லாரும் தேடினனாங்கள்" என்றேன்.

வருஷா வருஷம் அண்ணையின் திவசத்துக்கு அடுத்த நாள் அவ ரெலிபோன் எடுக்கிறா. இந்த முறை நீங்களும் கேட்டுக்கொண்டு இருந்தீர்கள். "பனிக்குள்ளை தேடித் திரிஞ்சனீங்கள், அதை நாங்கள் சாகும்வரைக்கும் மறக்கமாட்டம்" என்று சொன்னா. எதைத் தேடினீர்கள் அப்பா என்று சின்னவள் கேட்டாள். அதற்குத்தான் இதை எழுதினேன். அக்காவுக்கு இப்போது வயது போய்விட்டது. இதைத் தாங்கமாட்டா. என்றைக்காவது உங்களிடம் கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள்.