கிடாரத்துக்கு ஓர் இடம்

2016ஆம் ஆண்டு, மே மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. நியூசிலாந்தில், ஓக்லாந்தின் தெற்கே பாபகூராவில் நாங்கள் பல வருடங்களாக இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தோம். நாங்கள் என்றால் நானும் அம்மாவும்தான். அப்பா இறந்துவிட்டார்.

அது பழைய மரவீடு. மூன்று அறை, பெரிய கராஜ், பின்னால் ஒரு எலுமிச்சை. பார்க்க நல்ல வீடுதான். ஆனால் மழைக்காலம் தொடங்கினால் சுவரெல்லாம் வேர்க்கும். திரைச்சீலைக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். துடைத்தால் அடுத்த கிழமை திரும்ப வந்து நிற்கும். அம்மாவுக்கு ஆஸ்துமா இழுப்பு. முந்தைய குளிர்காலத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இன்னொரு குளிர்காலத்தை இந்த ஈரத்தில் அம்மா தாங்குவார் என்று நினைக்கவில்லை என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடம் போனதேயில்லை. அண்ணன் இலங்கையில், எங்கள் மன்னாரில், சண்டைக்காலத்தில் படிப்பைப் பாதியில் விட்டவன். எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகத்தில் எனக்குக் கணக்காளர் வேலை கிடைத்தபோது அம்மா சர்ச்சில் எல்லாருக்கும் பலகாரம் கொடுத்தார். எனக்கும் அதில் பெருமைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் முதலில் படித்தவள் என்றால் டாக்டரோடு, வீட்டு ஏஜென்டோடு, விசாக்காரரோடு பேச வேண்டியவளும் அவள்தான். அந்த மே மாதம் நின்றபடியே தூங்கிவிடும் நிலையில் இருந்தேன்.

நான் போட்ட திட்டம் இதுதான். நகரின் வடக்கே கிளென்ஃபீல்டில் ஒரு சின்ன செங்கல் யூனிட். ஓர் அறை, ஒரு ஹால், அதன் மூலையில் குசினி. சின்னதென்றாலும் வெயில் விழும், ஈரமில்லாத வீடு. ஜூனில் தொடங்கும் குளிர்காலம் மூன்று மாதமும் அம்மா அண்ணனிடம் போய் இருப்பார். அண்ணன் ஆஸ்திரேலியாவின் நடுவே ஒரு பாலைவன ஊரில் விடுதிச் சமையல்காரன். அந்தக் காய்ந்த காற்றில் நெஞ்சு ஆறட்டும், பிறகு காய்ந்த வீட்டுக்கு வரட்டும் என்று நினைத்தேன். அம்மாவும் சம்மதித்தார். விமானம் ஞாயிறு காலையில்.

சனிக்கிழமை மத்தியானம், வெறுமையான ஹாலின் நடுவே கிடாரத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அம்மா உட்கார்ந்துவிட்டார்.

அது இருநூறு பேருக்குச் சோறு வேகும் அலுமினியக் கிடாரம். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு குடும்பம் விட்டுப்போனது. தென் ஓக்லாந்தில் எங்கள் சர்ச் திருநாளா, சைவக் கோயில் பொங்கலா, யாருடைய வீட்டில் விசேஷமா, எல்லாரும் அம்மாவிடம்தான் வருவார்கள். கோயில்காரரும் எடுப்பார்கள் என்பதால், கத்தோலிக்கரான அம்மா அதில் இறைச்சி, மீன் எதையும் சமைக்க விடமாட்டார். எடுத்துப் போகிறவர்களிடம் வாசலில் வைத்தே சத்தியம் வாங்குவார்.

"அம்மா, எழும்புங்கோ. புது வீட்டில இதை வைச்சா நாங்கள் ரெண்டு பேரும் வெளியில நிக்கவேணும்."

"அப்ப நான் போகேல்ல."

"நாளைக்கு பிளைட்."

"கிடாரத்துக்கு ஒரு இடம் பார். பிறகு பிளைட்டைக் கதை."

போனை எடுத்தேன். கோயில் அக்கா ஒருவர், "பொங்கலுக்குக் கட்டாயம் வேணும் தங்கச்சி, ஆனா எங்கட கராஜில ரெண்டு கார் நிக்குது" என்றார். மலேசியாக்கார அக்கா ஒருவர் சிரித்தார். "அது குளம் மாதிரி இருக்கும்லா. எங்க வீட்டுல வெச்சா நாங்க அதுக்குள்ளதான் படுக்கணும்." சர்ச்சில் சாமான் அறை நிரம்பிவிட்டதாம். இப்படியே போனது.

"வாங்க வரேக்க மட்டும் எல்லாருக்கும் கராஜ் இருக்கும்" என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல்.

எனக்குக் கோபம் வந்தது. கோபப்படவும் தெம்பில்லை. இங்கிலீஷ் தெரியாத, கார் ஓட்டத் தெரியாத அம்மாவின் வாசலுக்கு ஆட்கள் வந்தது அந்தக் கிடாரத்துக்காகத்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இன்னொரு தடவை ஆம்புலன்ஸில் அவர் பக்கத்தில் உட்கார என்னால் முடியாது. நானும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அந்த மனிதர் வந்தார். சும்மா தருகிறோம் என்று இணையத்தில் போட்டிருந்த சோபாவை எடுக்க வந்தவர். தொங்கா என்ற பசிபிக் தீவு நாட்டுக்காரர், வாசலை அடைக்கும் உடம்பு. வெறும் வீடுதானே என்று நினைக்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மாவைப் பார்த்து, ஏதும் சுகமில்லையா என்று கேட்டார். களைப்பில் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் குனிந்து கிடாரத்தை விரலால் தட்டிப் பார்த்தார். "எங்கள் சர்ச்சிலும் இப்படி ஒன்று இருக்கிறது. அதற்கும் இப்படி ஓர் அம்மா இருக்கிறார்" என்றார். தன் வீடு மூன்று தெரு தள்ளித்தான், கராஜில் இடம் இருக்கிறது, திரும்பி வரும்வரை இருக்கட்டும் என்றார்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இறைச்சி சமைக்கக் கூடாது எண்டு சொல்லு."

"அம்மா, அவை முழுப் பண்டி சுடுற ஆக்கள்."

"அதாலதான் சொல்லச் சொல்லுறன்."

உதவி செய்ய வந்தவரிடம் எப்படிச் சொல்வது? விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நன்றாக யோசித்தார். "என் வீட்டில் இறைச்சி இல்லாத சமையல் கிடையாது. அதனால் இதில் ஒன்றுமே சமைக்க மாட்டோம்."

"சோறு வடிக்கலாம் எண்டு சொல்லு, மகள்."

"வேண்டாம். யாராவது கோழியைப் போட்டுவிடுவார்கள். என் குடும்பத்தை எனக்குத் தெரியும்."

அம்மா எழுந்தார்.

மறுநாள் விமான நிலையத்தில், "அந்த மனுசன்ர பேர் என்ன?" என்று கேட்டார். நான் கேட்கவில்லை. போன் நம்பர் மட்டும்தான் இருந்தது. "இவ்வளவு படிச்சும் ஒரு பேர் கேக்கத் தெரியேல்ல" என்று சொல்லிவிட்டு, சக்கர நாற்காலியில் உள்ளே போனார்.

அந்தக் குளிர்காலம் நான் தனியே இருந்தேன். வேலை, பஸ், பிரிக்காத பெட்டிகள். அம்மா பின்னேரத்தில் கூப்பிடுவார். "இஞ்ச உடுப்பு காலமை போட்டா மத்தியானம் காயுது, மகள். இரவில குளிர்தான், ஆனா ஈரமில்லை." மூச்சு எப்படி என்று கேட்டால், "அது தன்ர பாட்டில வருது, போகுது" என்பார். பிறகு கிடாரத்தை விசாரிப்பார். நான் அந்த மனிதருக்குச் செய்தி அனுப்புவேன். பூப்போட்ட விரிப்பு மூடிய கிடாரத்தின் படம் வரும்.

செப்டம்பரில் அம்மா விமான நிலையத்திலிருந்து நடந்தே வெளியில் வந்தார். அடுத்த நாளே பாபகூராவுக்குப் போனோம். கராஜில் ஒரு மரப்பலகையின் மேல் கிடாரம் அப்படியே கவிழ்ந்து இருந்தது. நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த மனிதரின் மனைவி பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். ஜூலையில் தன் மாமனார், அதாவது கணவரின் தகப்பன், இறந்துவிட்டாராம். ஒரு கிழமை முழுக்க நூற்றுக்கணக்கானவர்களுக்கு இங்கேதான் சமையல். பாத்திரம் போதாமல் வேறு சர்ச்சுகளுக்கு ஓடி இரவல் வாங்கினார்களாம். ஒரு மருமகன் இந்தக் கிடாரத்தில் கை வைத்திருக்கிறான். அழுதுகொண்டிருந்த கணவர் எழுந்து வந்து, அது அந்த அம்மாவுடையது என்று அதட்டினாராம்.

நான் தமிழில் சொல்லி முடித்தேன்.

"விசர் பிடிச்ச மனுசன்" என்றார் அம்மா. "செத்த வீட்டுக்கு உதவாத கிடாரம் என்னத்துக்கு?"

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "இது இஞ்சயே இருக்கட்டும். இவை என்னத்தையும் சமைக்கட்டும். கோயில் ஆக்களோட நான் கதைக்கிறன்."

கதைத்தார். அவர்களுக்கு மனம் வரவில்லை, தங்களுக்கென்று வேறு கிடாரம் எடுத்துக்கொண்டார்கள். சிலர் கோபித்தும் கொண்டார்கள். எங்கள் சர்ச் ஆட்கள் மட்டும் இன்றும் கிளென்ஃபீல்டுக்குப் போன் செய்து அம்மாவிடம் கேட்டுவிட்டு, பாபகூராவில் அந்தக் கராஜுக்குப் போய் எடுக்கிறார்கள். அம்மா இப்போது தொங்கா வீட்டு விசேஷங்களுக்கும் போகிறார், என்னைக் கூட்டிப் போகாமலே.

எவ்வளவோ பேரிடம் அம்மாவுக்காகப் பேசியிருக்கிறேன். வெட்கத்தில் நான் விழுங்கிவிடப் பார்த்த அந்த ஒரு வார்த்தையை, முன்பின் தெரியாத ஒருவர் தன் தகப்பனை இழந்த கிழமையிலும் காப்பாற்றியிருக்கிறார் என்று அறிந்த நாளிலிருந்து, எவ்வளவு களைத்திருந்தாலும் அம்மா சொல்லச் சொல்வதை ஒரு சொல்கூடக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.