ஸ்டூடிபேக்கரின் மூக்கு

மாமா கள்ளன் என்று அப்பாவிடம் சொன்னவன் நான். காணாததைக் கண்டதாகச் சொன்னேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. வயதை ஒரு சாட்டாகச் சொல்லவில்லை.

கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தோம். அப்பாவிடம் ஒரு பழைய ஸ்டூடிபேக்கர் இருந்தது. விமானத்தின் முகப்பைப் போல் நடுவில் கூரான குரோம் மூக்கு வைத்த அமெரிக்கக் கார். பின்பக்கமும் முன்பக்கம் போலவே நீண்டிருக்கும். வருகிறதா போகிறதா என்று தெருவில் கேலி செய்வார்கள். எங்களோடு தங்கியிருந்த அம்மாவின் தம்பிதான் அதைப் பராமரித்தார். அவருக்கு அப்பாவின் தங்கையை, என் மாமியை, மாற்றுச் சம்பந்தமாக நிச்சயித்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெண்ணான அம்மா இங்கே வந்தாயிற்று. இந்த வீட்டுப் பெண் அங்கே போகவேண்டும்.

மாமா சொல்லும் எதையும் நான் நம்புவதில்லை. அந்தக் காரைச் செய்தவர்கள் முன்பு குதிரை வண்டி செய்தவர்கள் என்றார். இப்போது கார் செய்வதையே நிறுத்திவிட்டார்கள், இனி ஓர் ஆணிகூட வராது என்றார். இப்படிப்பட்ட காரைச் செய்தவர்கள் எப்படி நிறுத்துவார்கள்? எதையோ மறைக்கத்தான் கதை விடுகிறார் என்று அவர் பின்னாலேயே திரிந்தேன்.

கல்யாணம் நெருங்கிய நேரத்தில் காரின் மூக்கைக் காணவில்லை. மாமா சாக்கில் எதையோ சுற்றிக்கொண்டு ஒழுங்கைச் சந்துக்குள் போனதைக் கண்டிருந்தேன். கண்டது அவ்வளவுதான். அப்பாவிடமோ, மாமா அதை ஒருவனுக்கு விற்றதைக் கண்டேன் என்றேன்.

அப்பா விசாரித்தார். மாமா என்னைப் பார்த்தார். பிறகு, கதவின் பின்னால் தொங்கிய அப்பாவின் பெல்டைப் பார்த்தார். "நான் போறன் அத்தான்" என்று மட்டும் சொன்னார். பிழை செய்யாதவர் ஏன் பேசாமல் போகிறார் என்று நினைத்தேன். என் துப்பறிதலில் பெருமைகூட இருந்தது.

சம்பந்தம் முறிந்தது. சில நாள் கழித்து, குரோம் பூசும் பட்டறையிலிருந்து ஒருவர் அந்த மூக்கைக் கொண்டுவந்தார். கல்யாணக் காருக்காக மாமா கொடுத்திருந்தாராம். வாசல் கேற்றடியில் வாங்கியவன் நான். ஒருவருக்கும் காட்டாமல் கொண்டுபோய்க் கடலில் எறிந்தேன்.

மாமி பிறகு கல்யாணமே செய்யவில்லை. இப்போது வெளிநாட்டில், த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில் என்னோடு இருக்கிறார். மாமா வேறிடத்தில் மணமுடித்து, மனைவியை இழந்து, அண்மையில் இதே நகரின் இன்னொரு பகுதியான ஏவன்டேலுக்கு மகளிடம் வந்து சேர்ந்தார். அவர் வரக்கூடும் என்று தெரிந்தால் மாமி கோயில் பக்கமே போகமாட்டார்.

போன மாதம் பழைய அமெரிக்கக் கார்களின் கண்காட்சி ஒன்றுக்கு மாமாவைக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு ஸ்டூடிபேக்கர் நின்றது. அதன் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ பொய் சொன்னது எனக்கு அப்பவே தெரியும்தானே. வாய் திறந்திருந்தா உன்ர அப்பர் உன்னை உரிச்சிருப்பார்" என்றார். கடலில் எறிந்ததுதான் அவருக்குப் புதிது. "மூக்கு வந்தபிறகும் கூப்பிடேல்லை எண்டுதான் நான் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கேல்லை."

வீட்டுக்கு வந்து மாமியிடமும் சொன்னேன். போஞ்சி நறுக்கியபடியே கேட்டார்.

"நீ சொன்னதை நான் ஒருநாளும் நம்பேல்லையடா. அவர் ஒண்டும் கதைக்காமப் போனார். அதைத்தான் நம்பினனான். ஏனாம் கதைக்கேல்லை?"

"எனக்கு அடி விழும் எண்டு."

கத்தியை வைத்துவிட்டு அறைக்குள் போனார்.

அன்றிலிருந்து தேவைக்கு மட்டுமே என்னோடு பேசுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை, நான் கேட்காமலே, மாமா வரக்கூடும் என்று தெரிந்தும், கோயிலுக்கு வெளிக்கிட்டு வந்து நின்றார். எப்போதும் எனக்குப் பக்கத்துச் சீட்டில் இருப்பவர், அன்று பின்கதவைத் திறந்து ஏறினார்.