கண்ணாடியோரம் இரண்டு நாய்கள்

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நான் முடி வெட்டப் போகும் சலூன்காரர், தன் தலையில் ஒரு முடியும் இல்லாதவர். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறப்பார். வாசல் கண்ணாடியோரம் இரண்டு பீங்கான் நாய்கள் வைத்திருக்கிறார். கடைக்குள் வந்ததும் அவற்றை உள்ளே பார்க்கத் திருப்புவார். வெளியே போகும்போது தெருவைப் பார்க்கத் திருப்புவார்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"போன கோடையிலை டென்மார்க்கிலை தம்பி வீட்டை போனனாங்கள். அங்கை கடற்கரையிலை ஒரு பழைய ஊர். கப்பலுக்குப் போன மனுசன் வருமட்டும் சன்னலிலை இருக்கிற நாய் வெளியிலை பாக்குமாம், வந்தால் உள்ளுக்குப் பாக்குமாம். அண்டைக்கு என்ரை ரெண்டு பிள்ளையளும் போனை வைச்சிட்டு, பின்னேரம் வரைக்கும் எங்களோடை நடந்து திரிஞ்சவை. உந்த நாயளையும் அவைதான் தெரிஞ்செடுத்தவை."

நேற்று நான் போனபோது அவர் உள்ளேதான் நின்றார். நாய்கள் இரண்டும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அண்ணை, நாயைத் திருப்ப மறந்திட்டியள்."

"மறக்கேல்லை," என்றார் சீப்பை நனைத்தபடி. "நான் இன்னும் அந்தக் கடற்கரையிலையிருந்து வரேல்லை."

பிறகு சவரக்கத்தி என் காதோரம் வந்தது. இன்னும் வந்து சேராத மனிதரின் கையில் அது ஒரு நடுக்கமும் இல்லாமல் ஓடியதுதான் எனக்கு விளங்கவில்லை.