முதலாளியின் தக்காளித் தோட்டம்

அலுவலகத்தில் அவளுக்குக் ‘கமெண்ட் அக்கா’ என்று பெயர். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் வெறும் டைப்பிஸ்ட். தட்டச்சு வேலை ஒழிந்த அன்று, நாற்காலி செய்து விற்கும் அந்தச் சின்னக் கம்பெனியின் முதலாளி அவளைக் கூப்பிட்டு, “இனிமே சோஷியல் மீடியா உங்க பொறுப்பு மேடம்” என்றார். நீச்சல் தெரியாதவளைக் கிணற்றில் தள்ளிவிட்டு மேலே நின்று வேடிக்கை பார்க்கிற மாதிரி. அக்காவோ மிதந்ததோடு நிற்கவில்லை, உள்ளே மீன் பிடிக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

நாற்காலிப் படம் போட்டால் வேலை தேடுகிறவர்கள்தான் லைக் போட்டார்கள். ஆயிரம் நாற்காலிக்குக் கையெழுத்துப் போடக்கூடியவர் ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“பெரிய மனுஷங்களுக்கு நாற்காலியக் காட்டினா கொட்டாவிதான் வரும். இன்னொரு பெரிய மனுஷன் சொந்தக் கதை பேசினா காது கொடுப்பாங்க” என்று வீட்டில் கணவரிடம் சொன்னாள்.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அவர். “உங்க முதலாளிக்குப் பேச வருமா?”

“வராதுங்க. அதான் நான் பேசப்போறேன்.”

கோட்டுப் போட்ட முதலாளி படத்துக்குக் கீழே, முதலாளி பெயரில், தினம் காலையில் ஒரு பத்தி எழுதத் தொடங்கினாள். அவருக்குச் சொந்தக் கதை என்று ஏதாவது இருந்தால்தானே? மாத்திரை, கம்பெனி, தூக்கம், அவ்வளவுதான். போகட்டும் என்று தன் வாழ்க்கையிலேயே கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தாள். அவள் வீட்டு பால்கனியில் இருந்த மூன்று தக்காளித் தொட்டிகள் முதலாளியின் தோட்டமாகிவிட்டன. ‘இன்று என் தக்காளியில் வெள்ளைப் பூச்சி. ஒவ்வோர் இலையாகத் துடைக்கத் தெரிந்தவனுக்கே நிர்வாகம் கைவரும்’ என்றெல்லாம் அளந்துவிட்டாள். முதலாளி படித்தாரா என்று கேட்காதீர்கள். அவருக்குப் பாஸ்வேர்டே தெரியாது.

வெள்ளைப் பூச்சிக்கு ஒரு பதில் வந்தது. எழுதியவர், பதினொரு மாடிக் காப்பீட்டுக் கம்பெனியின் தலைவர்! ‘சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். என் மிளகாய்ச் செடிகளை அதுதான் காப்பாற்றியது.’ அக்கா உடனே நன்றி எழுதினாள். அன்றிலிருந்து எட்டு மாதம், தக்காளியும் மிளகாயும் நலம் விசாரித்துக்கொண்டே இருந்தன.

அதற்குள் முதலாளி ஒரு டேப்பை எடுத்துவந்து அவள் மேஜையை அளந்தார். “இந்த மாசக் கடைசிக்குள்ள பெரிய ஆர்டர் ஒண்ணு வரலன்னா, இந்த இடத்துல தண்ணி மெஷின் வைக்கப்போறேன். தப்பா நினைக்காதீங்க மேடம்.”

அன்றே அவள் எழுதினாள்: ‘நாம் நேரில் சந்தித்தால் என்ன?’ பத்தே நிமிடத்தில் பதில்: ‘செவ்வாய், பதினொரு மணி. நாற்காலி ஒன்றையும் கொண்டுவாருங்கள்.’

படிக்கச் சொல்லி அவள் கொடுத்த இரண்டு பக்கக் குறிப்பை முதலாளி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். லிஃப்டில் ஏறியதும் அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

“சார், ஒண்ணே ஒண்ணு. உங்களுக்குத் தக்காளி வளர்க்கத் தெரியும். அவருக்கு மிளகாய்.”

“எனக்கா?”

கதவு திறந்துவிட்டது.

தலைவர் கனத்த மனிதர். பக்கத்தில் ஃபைலோடு ஒல்லியான செயலாளர். கை குலுக்கி உட்கார்ந்தார்கள். செயலாளர் தலைவர் காதில் ஏதோ சொன்னார்.

“உங்க தக்காளி எல்லாம் எப்படி?” என்றார் தலைவர்.

“நல்லா ஓடுது” என்றார் முதலாளி.

தலைவர் பலமாகத் தலையாட்டினார்.

“உங்க மிளகாய்?” என்று திருப்பிக் கேட்டார் முதலாளி.

“அதுவா? போன வாரந்தான் பெயிண்ட் அடிச்சோம்.”

செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அவர் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் மண். தன் விரல்களைப் பார்த்தாள். அங்கேயும் அதே மண். இத்தனை மாதம் தலைவர் பெயரில் எழுதியது யார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

“சோப்புத் தண்ணி நல்லா வேலை செஞ்சுது தம்பி” என்றாள் மெல்ல.

“ஐயையோ, நீங்கதானாக்கா அது?” என்றார் அவர், அதைவிட மெல்ல.

முதலாளி இதற்குள் சூடு பிடித்துவிட்டார். “மிளகாய்க்கு எத்தனை வேளை தண்ணி ஊத்துவீங்க?”

தலைவரின் நெற்றி வியர்த்தது. சட்டென்று எழுந்து போய், அவர்கள் கொண்டுவந்திருந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “ஆகா, முதுகுக்கு என்ன சுகம்! தோட்டத்தை அப்புறம் பேசலாம். ரெண்டாயிரம் நாற்காலி எப்போ தருவீங்க?” செயலாளர் அதற்குமுன்பே ஆர்டர் தாளை நீட்டியிருந்தார், பேனா மூடியைக் கழற்றி.

முதலாளியும் தலைவரும் அதன்பிறகு சந்திக்கவே இல்லை. ஒருவரை நினைத்தாலே மற்றவருக்கு உதறல். தண்ணி மெஷின் முதலாளி அறை வாசலுக்குப் போயிற்று. வெளியே வரும்போதெல்லாம் அவர் முழங்கை அதில் இடிக்கும்.

அடுத்த மாதம் முதலாளி பெயருக்கு ஓர் உறை வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

“எனக்கு எதுக்கு மேடம் மிளகாய் விதை அனுப்பறாங்க?”

“உங்க நெருங்கின சிநேகிதர் அனுப்பியிருக்கார் சார்.”

“எனக்கா?”

“ஆமா சார். போன வாரம் அவருக்கு நீங்க ரொம்ப உருக்கமா எழுதியிருந்தீங்களே” என்று உறையை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.